மீன் பெட்டிக் குடில்

ஜூடி: கெங்கா... அடியே கெங்கா, என் கட்டில் மேல குந்திகினு இன்னாடி அறுக்கிறே?

கெங்கம்மா: எழுந்துட்டியா யக்கா? பட்டப்பகல்ல இன்னா தூக்கம்! உன் கொறட்டைக்கு பயந்துகினு மய நின்னுடும்னு பாத்தேன். நிக்கல.

ஜூடி: கேட்டதுக்கு பதில் சொல்லு. போர்வ பூரா வெள்ள வெள்ளையா பொடி...

கெங்கம்மா: தெர்மாகோலு.

ஜூடி: அது உன் மீன் பொட்டி இல்ல?

கெங்கம்மா: ஆமா. ஐஸு போட்டு வஞ்சிரம் வெக்கிற பொட்டி. வூட்ல தண்ணி பூந்தப்ப இத்தத் தான தலைல வெச்சிகினு உன் ரெண்டாவது மாடிக்கு ஏறி வந்தேன்.

ஜூடி: அத்தப் போயி அறுக்கிறியே, நாளைக்கு மழ நின்னா யாவாரத்துக்கு இன்னா பண்ணுவே?

கெங்கம்மா: மய எங்க நிக்கப் போவுது? ஹார்பர்ல புயல் கூண்டு ஏத்தி வெச்சிகீறான். காசிமேட்ல ஒரு போட்டு நகரல. நாலு நாளா என் கை சும்மா கீது யக்கா. அம்பத்தி நாலு வயசுல இந்தக் கை சும்மா இருந்தது இதான் மொத தபா. நேத்து உன் தலகாணிய மடில வெச்சிகினு செதிலு சீவுற மாரியே சீவிகினு இருந்தேன். நல்ல வேள, நீ பாக்கல.

ஜூடி: பாத்தேன். பயந்துகினு கம்முனு இருந்தேன்.

கெங்கம்மா: பாத்தியா? சொல்ல வேணாமா? மானம் போச்சி.

ஜூடி: சரி, இது இன்னாது? பொட்டியா, பொறாக்கூண்டா?

கெங்கம்மா: கண்ணாடி போட்டுகினு பாரு. வூடு. கூர வூடு.

ஜூடி: வாசலு கூரைல கீது.

கெங்கம்மா: கவுத்துப் பாரு.

ஜூடி: கவுத்தா கூரைய காணோம்.

கெங்கம்மா: அது வந்து... கூர இனிமே தான் வரும். உள்ள ஒரு மாடு, ஒரு கய்த, ரெண்டு ஆடு, அப்புறம் ஒரு அம்மா, ஒரு அப்பா, ஒரு கொயந்த...

ஜூடி: வேணாம் கெங்கா. இந்த வருசம் கிறிஸ்மஸ் குடில் வெக்கல. ஸ்டாரும் கட்டல. பொண்ணு ஷைனி கைலயும் சொல்லிட்டேன்.

கெங்கம்மா: நீ வெக்காத. உன்ன யாரு வெக்கச் சொன்னது? நான் வெக்கிறேன். நீ மூலைல குந்திகினு தப்பு சொல்லு, போதும்.

ஜூடி: உனுக்கு இன்னாடி தெரியும் குடிலப் பத்தி?

கெங்கம்மா: தெரியாது. அதான் மொத தபாவே கூர இல்லாம கட்டிகீறேன். நம்ம அவுஸிங் போர்டு காண்டிராக்டரு மாரி.

ஜூடி: சிரிப்பு காட்டாத. அந்த மனுசன் போயி வருசம் கூட திரும்பல.

கெங்கம்மா: தெரியும்கா. பிப்ரவரி பதினேழு.

ஜூடி: ...நீ தேதி கூட ஞாபகம் வெச்சினு கீறியா?

கெங்கம்மா: அன்னிக்கி எனக்கு செம யாவாரம். சுறா வந்திருந்துச்சி. அப்டியே போட்டுட்டு ஓடியாந்தேன். சுறாவ எவளோ தூக்கினு பூட்டா. மறக்குமா?

ஜூடி: செபஸ்தி இருந்திருந்தா இந்தப் பொட்டியப் பாத்துட்டு உன்ன ஓட வுட்டிருப்பாரு. ஸ்கேல் வெச்சு அளப்பாருடி. ஹார்பர்ல கிரேன் ஓட்ன மனுசன். ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடுவுல எத்தன இஞ்சுன்னு நோட்டுல எழுதி வெச்சிருப்பாரு.

கெங்கம்மா: அப்ப நீ இன்னா பண்ணுவே?

ஜூடி: டீ போடுவேன்.

கெங்கம்மா: டீயா?

ஜூடி: இருபத்தாறு வருசம் டீ தான் போட்டேன். "ஜூடி, டீ கொண்டா. ஜூடி, கோந்து கொண்டா. ஜூடி, தள்ளி நில்லு." ஒரு ஆட்டுக்குட்டிய கூட தொட வுட்டதில்ல.

கெங்கம்மா: கிரேன்ல குந்திகினு கீய கீறவங்கள "தள்ளு தள்ளு"ன்னு சொல்லி பயக்கம் போல.

ஜூடி: ஒரு வருசம் வைக்கோல் கொஞ்சம் தூவட்டுமான்னு கேட்டேன். ஒரு நிமிசம் யோசிச்சாரு. அப்புறம், "வேணாம், நீ டீ போடு"ன்னாரு.

கெங்கம்மா: டீயாவது நல்லா போட்டியா?

ஜூடி: அதுவும் சக்கர கம்மின்னு சொல்லுவாரு.

கெங்கம்மா: ஐய... சிரிக்காதக்கா, எனக்கும் சிரிப்பு வருது, கத்தி வேற கைல கீது.

ஜூடி: அத்த இப்டி கொடு. நீ மீனு வெட்ற மாரி குறுக்கால வெட்டிகினு கீறே. இது நெடுக்கால வெட்டணும்.

கெங்கம்மா: தொட மாட்டேன்னு சொன்னே?

ஜூடி: கூரைக்கு மட்டும் தான். கூர இல்லாம பச்ச கொயந்தைய படுக்க வெக்க முடியுமா, இந்த மழைல?

கெங்கம்மா: அதான!

ஜூடி: ...ஐயோ. ஒடஞ்சிடுச்சி.

கெங்கம்மா: சோக்கா ஒடைக்கிறியே! இருபத்தாறு வருசம் அண்ணன் ஏன் உன்னத் தொட வுடலன்னு இப்பத் தான் தெரியுது.

ஜூடி: போடி. ஷிப்பிங் ஆபீஸ்ல இருபத்தெட்டு வருசம் ஒரு தப்பில்லாம டைப் அடிச்ச கைடி இது. ஊரு பட்ட சரக்குக்கு லிஸ்ட் அடிச்சேன். எனக்குன்னு ஒரு வரி அடிச்சதில்ல.

கெங்கம்மா: சரி, ஒடஞ்சதையே இப்டி சாச்சி வெச்சா கூர தான? மய தண்ணி வழிஞ்சி ஓடும்.

ஜூடி: ம்... பரவால்ல. பாக்கறதுக்கு கூர மாரி தான் கீது. அந்த பரண் மேல ஒரு அட்டப் பொட்டி கீது பாரு, பொம்மைங்க அதுல தான் கீது. ஸ்டூல் போட்டு எடு.

கெங்கம்மா: இதோ... அம்மாடி, இன்னாக்கா இவ்ளோ தூசி! ...யக்கா.

ஜூடி: இன்னா?

கெங்கம்மா: எலி பூந்துகீது. கலீஜ் பண்ணி வெச்சிகீது.

ஜூடி: ஐயையோ! எறக்கு, எறக்கு. மாதா?

கெங்கம்மா: மாதா நல்லா கீறாங்க. சூசையப்பருக்கு தான் கழுத்து லூசு. கய்தைக்கு காது இல்ல. ராஜா ஒருத்தரு தான் கீறாரு.

ஜூடி: மூணு ராஜாடி. மூணு பேரு வரணும், பரிசு எடுத்துகினு.

கெங்கம்மா: மீதி ரெண்டு பேரு இன்னும் வரல போல. கொருக்குப்பேட்ட ரயிலு கேட்ட மூடிட்டிருப்பான்.

ஜூடி: வெளையாடாத கெங்கா. ராஜா இல்லாம குடில் எப்டி? எப்டி பாத்தாலும் இது வேலைக்கி ஆவாது. எல்லாத்தையும் தூக்கி மேல போடு. நான் அப்பவே வேணாம்னு சொன்னேன்ல?

கெங்கம்மா: இரு இரு. கோதும மாவு கீதா?

ஜூடி: கீது. எதுக்கு?

கெங்கம்மா: பெசஞ்சி ரெண்டு ராஜா பண்ணிடலாம். சப்பாத்தி தான் எனக்கு வட்டமா வராது, ராஜாவாவது வருதான்னு பாப்போம்.

ஜூடி: உப்பு ஜாஸ்தி போடு, எறும்பு வராது. ...போதும் தண்ணி, கொழம்பிடும். ஆமா, உங்க வூட்ல தண்ணி இன்னிக்கி வடிஞ்சிச்சா?

கெங்கம்மா: எங்க வடிஞ்சிச்சி... அப்டியே தான் கீது.

ஜூடி: உன் புள்ளையும் ரேகாவும்?

கெங்கம்மா: கட்டிலுக்கு கீய நாலு கல்லு வெச்சி ஏத்திகினு மேல குந்திகீறாங்க. புருசன் பொண்டாட்டி தான, குந்தட்டும். நான் நடுவுல எதுக்கு, பூச வேள கரடி மாரி.

ஜூடி: அதுவும் சரி தான்.

கெங்கம்மா: ...யக்கா, இந்த தலகாணிக்கு கீய இன்னா நோட்டு? ஹார்பர் நோட்டா?

ஜூடி: அத்தத் தொடாத! அது ஷைனி சொன்ன நோட்டு. போன்ல ஒரே பாட்டு அவ. "அம்மா, சும்மா படுத்துகினே கெடக்காத. தெனம் மூணு பேருக்கு நன்றி எழுது, மனசு லேசாவும்"னா.

கெங்கம்மா: தெனம் மூணா? நன்றி இன்னா மாத்திரையா, மூணு வேள போட்டுக்க?

ஜூடி: நானும் அதான் கேட்டேன்.

கெங்கம்மா: இன்னா எழுதிகீறே? படி.

ஜூடி: சிரிக்கக் கூடாது.

கெங்கம்மா: சிரிச்சா என் பொட்டி மேல ஆண.

ஜூடி: மொத நாளு... "ஒண்ணு, கடவுளுக்கு நன்றி. ரெண்டு, ஷைனிக்கு நன்றி. மூணு..." மூணு போட்டு வுட்டுட்டேன்.

கெங்கம்மா: ரெண்டாவது நாளு?

ஜூடி: "ஒண்ணு, கடவுளுக்கு நன்றி. ரெண்டு, மேலே பார்க்கவும்."

கெங்கம்மா: ஐயோ யக்கா... ஆபீஸ் புத்தி போவல உனுக்கு!

ஜூடி: சிரிக்க மாட்டேன்னு சொன்னே!

கெங்கம்மா: பொட்டி தான் ஒடஞ்சி கெடக்குதே, ஆண இனிமே பலிக்காது. இதோ பாரு, நான் சொல்றேன் எழுது. ஒண்ணு, கரண்டு போனதுக்கு நன்றி. சீரியல் பாத்து அழாம தப்பிச்சேன். ரெண்டு, உன் பல்லுசெட்டுக்கு நன்றி. இல்லன்னா நேத்து முறுக்க நீயே தின்னு தீத்திருப்பே...

ஜூடி: பல்லுசெட்டு இருந்தா தான்டி முறுக்கு திங்க முடியும்.

கெங்கம்மா: அப்டியா? அப்ப அத்த அடிச்சிடு.

ஜூடி: நீ எப்பவாவது யாருக்காவது நன்றி சொல்லிகீறியா கெங்கா?

கெங்கம்மா: சொன்னதில்ல. நம்ம வாயில எங்க அது வரும்? மீனு வாங்கினா "நாளைக்கி வா"ம்பேன். அதான் எனக்குத் தெரிஞ்ச நன்றி. மீட்டிங்ல தான் கடசியா ஒருத்தன் நன்றி சொல்லுவான். அதுக்குள்ள எல்லாரும் பிரியாணிக்கு எழுந்து பூடுவாங்க.

ஜூடி: நானும் சொன்னதில்லடி. "தேங்க்யூ"ன்னு டைப் அடிச்சிகீறேன், ஆயிரக்கணக்குல. கீழ மேனேஜர் கையெழுத்து போடுவாரு.

கெங்கம்மா: சரி, ராஜா ரெடி. எப்டி கீறாரு?

ஜூடி: ...இது ராஜாவா? தொப்ப முன்னாடி வந்துகீது, கழுத்தே இல்ல. ரேஷன் கட ரமாபாய் மாரி கீது.

கெங்கம்மா: நல்லா பாரு... மெய்யாலுமே ரமாபாய் தான்! அந்த மூஞ்ச கூட அப்டியே வந்துடுச்சி. நான் வேணும்னு பண்ணலக்கா.

ஜூடி: இருக்கட்டும். அவளையே வெச்சிடு.

கெங்கம்மா: குடில்லயா? ராஜா எடத்துலயா?

ஜூடி: ஏன், பரிசு எடுத்துகினு வந்தவங்க தான ராஜா? மார்ச்சு மாசம் நான் கடைக்கே போவல. அவ தான் அரிசி, சக்கர எல்லாம் பைல போட்டு, ரெண்டு மாடி ஏறி, கதவாண்ட வெச்சிட்டு போனா. பெல் கூட அடிக்கல. நான் உள்ளருந்து பாத்துகினு இருந்தேன். தொறக்கல.

கெங்கம்மா: என் கைல சொல்லவே இல்லியே நீ?

ஜூடி: யாரு கைலயும் சொல்லல. இன்னொரு உண்ட மாவு தா.

கெங்கம்மா: நீ பண்றியா?

ஜூடி: பண்றேன். ஒடஞ்சா நீ சிரிச்சிக்கோ.

கெங்கம்மா: இன்னா பண்றே? ஆடா?

ஜூடி: ம்ஹூம்.

கெங்கம்மா: மூணு சக்கரம் வெக்கிறே... ஆட்டோவா?

ஜூடி: ஆட்டோ மாரி தெரியுதா?

கெங்கம்மா: தள்ளுவண்டி மாரி தெரியுது. பரவால்ல, சொன்னா புரியும். மஞ்சத் தூளு தூவு, ஆட்டோ ஆயிடும்.

ஜூடி: பீம்ராவ் ஆட்டோ. அன்னிக்கி செபஸ்தியத் தூக்கிகினு ரெண்டு மாடி எறங்கினது பீம்ராவ் தான். தோள்ல போட்டுகினு, ஒத்த ஆளா. வழி பூரா ஆரன் அடிச்சிகினே ஓட்டினான். ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கினப்போ அவன் சட்ட பூரா நனஞ்சி கெடந்துச்சி. நான் அவன் மூஞ்ச கூட நிமிந்து பாக்கல கெங்கா. அதுக்கப்புறம் அவன் ஆட்டோ சத்தம் கேட்டாலே சன்னல மூடிடுவேன். அந்த சத்தம்... அத்தக் கேட்டா அன்னிக்கி மாரியே...

கெங்கம்மா: வுடுக்கா.

ஜூடி: அவன் இன்னா நெனச்சிருப்பான்? இந்தம்மாக்கு எவ்ளோ கொழுப்புன்னு தான?

கெங்கம்மா: ஒண்ணும் நெனைக்கல. என் கைல மீனு வாங்க வரப்போ கேப்பான். "ஜூடிக்கா சாப்டாங்களா"ன்னு. வாரா வாரம் கேப்பான்.

ஜூடி: மெய்யாலுமா?

கெங்கம்மா: போன வாரம் கூட கேட்டான்.

ஜூடி: நீ இன்னா சொன்னே?

கெங்கம்மா: "வூட்ட வுட்டு வெளிய வரட்டும், நீயே கேளு"ன்னேன். யக்கா, ஒண்ணு சொல்றேன் கோச்சிக்காத. நாலு நாளா மய வந்து தான் நான் உள்ள மாட்டிகினேன். நீ பத்து மாசமா மயையே இல்லாம மாட்டிகினு கீறே.

ஜூடி: ...தெரியுதுடி.

கெங்கம்மா: அழுவாத. ஆட்டோ நனையுது.

ஜூடி: நீயும் தான் மூக்க உறிஞ்சிகினு கீறே.

கெங்கம்மா: எனக்கு ஜலதோசம். ...இங்க வெக்கிறேன் பாரு, ஆட்டோவ, மாட்டுக்குப் பக்கத்துல. பார்க்கிங்கு சரியா கீதா?

ஜூடி: கொஞ்சம் தள்ளி வை, மாடு மெரளும்.

கெங்கம்மா: தள்ளி வெக்கச் சொல்றே! அண்ணன் பேச்சு வந்துடுச்சி உனுக்கு.

ஜூடி: வரட்டும். அந்த தொடப்பக் குச்சி நாலு எடு. துணி கிளிப்பும் ஒண்ணு.

கெங்கம்மா: எதுக்கு?

ஜூடி: பின்னாடி ஒரு கிரேன் நிக்கட்டும். ஹார்பர் கிரேன்.

கெங்கம்மா: பெத்லகேம்ல கிரேன் ஏதுக்கா? அண்ணன் ஒத்துப்பாரா?

ஜூடி: ஒத்துக்க மாட்டாரு. "வரலாறு தெரியுமா உனக்கு"ன்னு கத்துவாரு. கத்தட்டும். டீ அவரே போட்டுக்கட்டும் இந்த வருசம்.

கெங்கம்மா: அப்டி போடு!

ஜூடி: கெங்கா... நல்லா தான் கீதுல்ல?

கெங்கம்மா: மெய் சொல்லவா, பொய் சொல்லவா?

ஜூடி: மெய்.

கெங்கம்மா: கூர ஓட்ட. சூசையப்பரு தலைய ஆட்டிகினே கீறாரு, எல்லாத்துக்கும் சரி சரின்னு. கிரேன் பாத்தா வடாம் காயப் போட்ட கம்பி மாரி கீது. மீனு நாத்தம் வேற. கொயந்த பொறந்ததும் மொதல்ல கெளங்கா மீன் வாசனை தான் புடிக்கும்.

ஜூடி: அது போதும்டி. ஏசு திரிஞ்சதே மீனு புடிக்கிறவங்க கூட தான்.

கெங்கம்மா: அப்டியா? இத்த மொதல்லயே சொல்லிருக்கலாம்ல? ...ஆனா யக்கா, எனக்குப் புடிச்சிகீது. நாலு மணி நேரம் எப்டிப் போச்சின்னே தெரியல.

ஜூடி: எனக்கும் தான். ஒரு உண்ட மிச்சம் கீதா?

கெங்கம்மா: கீது. ஒட்டகமா?

ஜூடி: அங்க திரும்பிக்கோ. பாக்காத.

கெங்கம்மா: இன்னாடா இது பேஜாரு... ஆச்சா?

ஜூடி: இரு. ...ஆச்சி. திரும்பு.

கெங்கம்மா: யாரு இது? தலைல பொட்டி வெச்சினு, இடுப்புல கை வெச்சினு, வாயத் தொறந்துகினு... யக்கா! நானா?

ஜூடி: வாயி மட்டும் சரியா வந்துகீது.

கெங்கம்மா: நான் எதுக்கு இதுல? ரமாபாய் அரிசி கொடுத்தா, பீம்ராவ் தூக்கிகினு போனான். நான் இன்னா பண்ணேன்?

ஜூடி: ஒண்ணும் பண்ணல. எடத்த அடச்சிகினு கீறே. நாலு நாளா இந்த வூட்ல எங்க திரும்பினாலும் நீ தான் கீறே. காலி எடமே இல்ல.

கெங்கம்மா: யக்கா, கதவு தட்றாங்க. நான் போயி... அட, ரேகா!

ரேகா: அத்தே, மழ வுட்டுடுச்சி தெரியுமா? ஆன்ட்டி, நெத்திலிக் கொழம்பு வெச்சேன், இந்தாங்க. அத்தே, உங்க புள்ள கூட்டினு வரச் சொன்னாரு. நாளைக்கி போட்டு போவுமாம்.

கெங்கம்மா: வூட்டுக்கா? வூட்ல தான் தண்ணி கீதே!

ரேகா: ஆங்... தண்ணி. ஆமா. கீது அத்தே.

ஜூடி: பாவம், கட்டில் மேலயே சமைச்சியாமா?

ரேகா: கட்டில் மேலயா? ...ஆமா ஆன்ட்டி. இல்ல, அடுப்பு தரைல தான்... தண்ணி அந்தப் பக்கம்...

கெங்கம்மா: இன்னாடி ஒளர்றே? ஒயுங்கா சொல்லு. தண்ணி வடிஞ்சிச்சா, இல்லியா?

ஜூடி: சொல்லும்மா ரேகா. வடிஞ்சிச்சா?

ரேகா: ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மொறைச்சா நான் இன்னா தான் சொல்றது? போதும்பா, என்னால முடியல. அத்தே, ஷைனிக்கா போன் பண்ணி "அம்மா குடில் வெக்கல, ஒயுங்கா சாப்டறதில்ல"ன்னு சொன்னதும் பொட்டியத் தூக்கிகினு கெளம்பினது நீ. "யாரு கேட்டாலும் வூட்ல தண்ணி பூந்துச்சின்னு சொல்லு"ன்னு சொன்னதும் நீ. நம்ம வூட்டு வாசப்படி வரைக்கும் கூட தண்ணி வரல. அர மணி நேரம் ஆவல, ஆன்ட்டி எனக்கு போன் பண்றாங்க. "மாடிலருந்து பாத்தேன்மா, உங்க வாசல்ல தண்ணியே நிக்கல. ஆனா நீ மேல வந்து உங்க அத்தைய கூப்ட்டுடாத"ன்னு. நாலு நாளா ரெண்டு பேருக்கும் சேத்து நான் ஒருத்தி பொய் சொல்லிகினு கீறேன்!

கெங்கம்மா: ...யக்கா. மொத நாளே தெரியுமா உனுக்கு?

ஜூடி: தெரியும்.

கெங்கம்மா: அப்புறம் எதுக்கு தெனம் காத்தால எழுந்து "தண்ணி வடிஞ்சிச்சா, தண்ணி வடிஞ்சிச்சா"ன்னு கேட்டுகினே இருந்தே?

ஜூடி: "வடியல"ன்னு நீ சொல்ற வரைக்கும் பயமா இருந்துச்சிடி.